கேமிங் சேர் வாங்கும் முன்: அளவெடுப்பதிலிருந்து திருகு முடுக்குவது வரை

என்னுடைய முதல் கேமிங் சேர் சிவப்பும் கறுப்புமாக, பந்தயக் காரிலிருந்து சீட்டைப் பிடுங்கிச் சக்கரம் மாட்டிய மாதிரி இருக்கும். படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். வந்த முதல் வாரம் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துக் காட்டினேன். மூன்றாவது வாரம், இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு எழுந்தால் இடது கால் மரத்துப் போயிருந்தது. இரண்டு வருடத்தில் இருக்கையின் ஓரத்தில் தோல் செதில் செதிலாக உரிந்து, எழுந்து போகும்போதெல்லாம் உடையில் கறுப்புத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. கால் ஏன் மரத்தது, தோல் ஏன் உரிந்தது என்று பிறகு தேடிப் படித்தபோதுதான் ஒன்று புரிந்தது. இரண்டையும் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்கலாம். ஒரு இஞ்சு டேப்பும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இந்தச் சேர்களின் உருவம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கார் சீட் செய்துகொண்டிருந்த டிஎக்ஸ்ரேசர் நிறுவனம் 2006-இல் அதே சாயலில் கேமிங் சேரைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியிலேயே போயின. பந்தயக் காரில் சீட்டின் இரு பக்கமும் இறக்கை போல உயர்ந்திருப்பதற்கு ஒரு வேலை உண்டு. வேகமாக வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் பக்கவாட்டில் சரியாமல் அது அணைத்துப் பிடிக்கும். உங்கள் அறை எந்த வளைவிலும் திரும்பப் போவதில்லை. அங்கே அந்த இறக்கைகள் தொடையை நெருக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

அலுவலகச் சேர் செய்பவர்கள் வேறு பக்கமிருந்து வந்தவர்கள். ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1994-இல் கொண்டுவந்த ஏரான் சேர், சட்டை மாதிரி மூன்று அளவுகளில் விற்கப்பட்டது. உடம்புக்கு அளவு உண்டு என்றால் சேருக்கும் அளவு இருக்க வேண்டும் என்ற எளிய எண்ணம்தான் அது. நாமும் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி: உங்களை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன், இணையத்தில் படம் பார்ப்பதற்கும் முன், இதைச் செய்யுங்கள். கெட்டியான பலகை நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஆடும்போது வெறுங்காலோடு இருப்பீர்கள் என்றால் வெறுங்காலோடு, செருப்புப் போட்டிருப்பீர்கள் என்றால் செருப்போடு. பாதம் முழுதாகத் தரையில் படிய வேண்டும், தொடை ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்க வேண்டும். நாற்காலி உயரமாக இருந்தால் காலடியில் புத்தகங்களை அடுக்கி, அந்த அடுக்கின் மேலிருந்து அளந்துகொள்ளுங்கள். டேப்பைப் பிடிக்க இன்னொருவர் இருந்தால் நல்லது. தானே குனிந்து அளந்தால் எல்லா அளவும் மாறிவிடும்.

முதல் அளவு, தரையிலிருந்து முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் மடிப்பு வரை. இதுதான் உங்கள் இருக்கை உயரம். இரண்டாவது, பிட்டத்தின் பின் விளிம்பிலிருந்து அதே முழங்கால் மடிப்பு வரை. இதில் 5 செ.மீ. கழித்தால் உங்களுக்கு ஏற்ற இருக்கை ஆழம் கிடைக்கும். மூன்றாவது, உட்கார்ந்த நிலையில் இடுப்பின் அகலம். நான்காவது, கையை முழங்கையில் மடக்கி வைத்து, இருக்கையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரம். ஐந்தாவது, இருக்கையிலிருந்து தோள் வரை. எடையையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இந்த ஐந்தில் ஆளை அதிகம் ஏமாற்றுவது முதல் இரண்டும்தான். என் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முழங்கால் மடிப்பு வரை 41 செ.மீ. நான் வாங்கிய சேரைக் கடைசி வரை இறக்கினாலும் இருக்கை 46 செ.மீ.க்குக் கீழே வராது. மெத்தை கொஞ்சம் அமுங்கும்தான், ஆனாலும் குதிகால் தரையில் படியாது. கால் தொங்கும்போது அதன் பாரம் முழுவதும் தொடையின் அடிப்பகுதியில், இருக்கையின் முன் விளிம்பில் போய் உட்காருகிறது. அங்கேதான் நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன. மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஆழத்திலும் இதே தொல்லைதான். இருக்கை உங்கள் தொடையைவிட நீளமாக இருந்தால் முதுகு சாய்மானத்தைத் தொடுவதற்குள் முழங்காலின் பின்பக்கம் விளிம்பில் முட்டிவிடும். முட்டாமல் இருக்க நீங்கள் முன்னால் நகர்வீர்கள், முதுகு அந்தரத்தில் வளையும். சாய்ந்து உட்கார்ந்த பிறகு முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவில் மூன்று விரல் நுழைய வேண்டும். உயரம் குறைந்தவர்களும் மிக உயரமானவர்களும் இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

விவரப் பட்டியலில் ஒரு தந்திரம் உண்டு. "இருக்கை அகலம் 55 செ.மீ." என்று போட்டிருப்பார்கள். அது இறக்கையின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை உள்ள அகலமாக இருக்கும். உட்காரும் தட்டையான பகுதி சில சேர்களில் அதைவிட ஒரு சாண் குறைவு. உட்புற அகலத்தைத் தனியாகப் போடவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அடுத்த சேருக்குப் போங்கள்.

இரண்டாவது படி: மேசையையும் அளக்க வேண்டும்

சேரை மட்டும் தனியாக வாங்க முடியாது, அது மேசையோடு சேர்ந்துதான் வேலை செய்யும். பெரும்பாலான மேசைகள் 72 முதல் 75 செ.மீ. உயரம் இருக்கும். தோள் தளர்ந்து, முழங்கை மடிந்த நிலையில் கை கீபோர்டின் மட்டத்தில் நிற்க வேண்டும். மேசை உயரமாக இருந்து சேர் தாழ்ந்திருந்தால் ஆடும் நேரம் முழுவதும் தோளைத் தூக்கிக்கொண்டே இருப்பீர்கள். நமக்கே தெரியாது, மறுநாள் காலையில் கழுத்து சொல்லும்.

மேசையின் உயரத்தை மாற்ற முடியாது என்றால் சேரை மேசைக்கு ஏற்ப உயர்த்துங்கள், தொங்கும் காலுக்கு ஒரு கால்மனை வையுங்கள். கைக்கு மேசை, காலுக்கு மனை என்று இந்த வரிசையில் யோசித்தால் குழப்பம் வராது. மேசையின் அடிப்பக்க உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சேரின் கைப்பிடி அதற்குக் கீழே நுழையாவிட்டால் மேசையை நெருங்கி உட்கார முடியாது.

மூன்றாவது படி: நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள்?

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் சேரைத் தீர்மானிப்பதே இதுதான். கன்ட்ரோலர் பிடித்து ஆடுபவர்கள் பின்னால் சாய்ந்து ஆடுவார்கள். அவர்களுக்கு நல்ல சாய்மானமும் கழுத்துத் தாங்கலும் வேண்டும். கீபோர்டும் மவுஸும் வைத்துத் துப்பாக்கிச் சண்டை ஆடுபவர்களைக் கவனித்துப் பாருங்கள். ஆட்டம் சூடு பிடித்தால் முகம் திரைக்கு ஒரு முழம் தூரத்தில் இருக்கும், முதுகுக்கும் சாய்மானத்துக்கும் சம்பந்தமே இருக்காது. அவர்களுக்கு இருக்கையே கொஞ்சம் முன்பக்கம் சாயும் வசதியுள்ள சேர் பயன்படும். அது கிடைக்காவிட்டால் திரையைப் பக்கத்தில் இழுத்து வைப்பது அதைவிடச் சுலபம். ஸ்டியரிங்கும் பெடலும் வைத்துக் கார் ஓட்டுபவர்கள் சேரின் சக்கரத்துக்குப் பூட்டு வாங்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் கார் நிற்காது, சேர்தான் பின்னால் ஓடும்.

அதே சேரில்தான் பகலில் அலுவலக வேலையும் பார்ப்பீர்கள் என்றால், அலுவலகச் சேரையே வாங்குங்கள் என்பது என் கருத்து. அட்டையில் "கேமிங்" என்று எழுதியிருப்பதால் முதுகுக்கு எதுவும் கூடுதலாகக் கிடைப்பதில்லை.

நான்காவது படி: முதுகு

நிமிர்ந்து, 90 பாகையில், ஆணி அடித்த மாதிரி உட்கார வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டுகளை அளந்தவர்கள் சொல்வது வேறு. சுவீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் வட்டுக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளக்கத் தொடங்கினார். தாங்கல் இல்லாமல் உட்காரும்போது நிற்பதைவிட அழுத்தம் கூடியது, முன்னால் குனிந்தால் இன்னும் கூடியது, சாய்ந்தால் குறைந்தது. 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் மறுபடி அளந்தபோது சாதாரணமாக உட்காருவதற்கும் நிற்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. ஆனால் சாய்ந்தால் அழுத்தம் குறைகிறது என்பதில் அவர்களும் மாறுபடவில்லை. 2006-இல் ஸ்காட்லாந்தில் 22 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வில் 135 பாகைச் சாய்வில் வட்டுகள் மிகக் குறைவாக நகர்ந்தன. 135 பாகையில் படுத்துக்கொண்டு யாரும் மவுஸ் பிடிக்க முடியாது, அது வேறு விஷயம். 100 முதல் 115 பாகை வரை வசதியாகச் சாய்ந்து, அங்கே முதுகுக்கு முழுத் தாங்கலும் கிடைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விளம்பரத்தில் "180 பாகை வரை சாயும்" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். சேரில் படுத்துத் தூங்குபவர்களுக்கு அது சரி. மற்றவர்கள் பார்க்க வேண்டியது இருக்கைக்கு அடியில் இருக்கும் இரும்புப் பெட்டியை, அதாவது டில்ட் அமைப்பை. மலிவான சேர்களில் இருக்கையும் சாய்மானமும் ஒரே துண்டாக ஆடும். பின்னால் சாய்ந்தால் இருக்கையின் முன்பக்கம் எழும்பி, பாதம் தரையை விட்டுக் கிளம்பும். அதனால் யாரும் அதில் நெடுநேரம் சாய்வதில்லை. பூட்டிவிட்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார்கள். சிங்க்ரோ டில்ட் என்று ஒன்று உண்டு. சாய்மானம் இரண்டு பங்கு சாய்ந்தால் இருக்கை ஒரு பங்குதான் சாயும், பாதம் தரையிலேயே இருக்கும். எவ்வளவு அழுத்தினால் சாய வேண்டும் என்பதை ஒரு திருகால் உங்கள் எடைக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவே முன்னும் பின்னும் லேசாக அசைந்துகொண்டே இருப்பீர்கள், உடம்புக்கு வேண்டியதும் அந்த அசைவுதான். பணத்தை எங்கே கூடுதலாகப் போடலாம் என்று என்னைக் கேட்டால், கலர் விளக்கில் இல்லை, 180 பாகையில் இல்லை, இந்தப் பெட்டியில் போடுங்கள் என்பேன்.

அடுத்து இடுப்புத் தாங்கல். எலாஸ்டிக் பட்டையில் தொங்கும் சின்னத் தலையணை ஒரு வகை, சாய்மானத்துக்குள்ளேயே இருந்து திருகினால் முன்னே வருவது இன்னொரு வகை. தலையணை பெரும்பாலும் தேவைக்கு மேல் தடிமனாக இருக்கும். நடு முதுகுக்கு ஏறினால் உங்களை முன்னால் தள்ளும், அப்போது இருக்கையின் ஆழமும் குறைந்துபோகும். தாங்கல் இருக்க வேண்டிய இடம் பெல்ட் கட்டும் இடமும் அதற்குச் சற்று மேலும்தான். சாய்ந்து உட்கார்ந்து உள்ளங்கையை முதுகுக்குப் பின்னால் நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் தாங்கல் போதவில்லை. கையை நுழைக்கவே முடியாமல் ஏதோ முட்டுவது போல இருந்தால் அதிகம். உயரத்தையும் தடிமனையும் தனித்தனியாக மாற்ற முடிகிற உள் தாங்கலே என் தேர்வு.

தோள் பக்கத்து இறக்கைகளையும் கவனியுங்கள். அகலத் தோள் உள்ளவரை அவை முன்னால் குவித்துவிடும், மார்பு ஒடுங்கிக் கூன் விழும். கழுத்துத் தலையணை கழுத்தின் குழிவில் உட்கார வேண்டும். மண்டையின் பின்பக்கம் முட்டித் தலையை முன்னால் தள்ளினால் அதைக் கழற்றிப் படுக்கையில் போட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாவது படி: மெத்தை, கைப்பிடி, மேலுறை

கடையில் உட்கார்ந்ததும் "ஆகா, பஞ்சு மாதிரி" என்று தோன்றும் மெத்தையைச் சந்தேகப்படுங்கள். உட்காரும்போது உடம்பின் பாரம் பிட்டத்துக்குள் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. மெத்து மெத்தென்ற ஃபோம் நாற்பது நிமிடத்தில் அமுங்கி, அந்த முனைகள் அடிப்பலகையைத் தேட ஆரம்பிக்கும். பெரிய ஃபோம் கட்டியிலிருந்து வெட்டி எடுத்ததைவிட, அச்சில் ஊற்றி வார்த்த ஃபோம் பொதுவாக நாள்பட வடிவம் மாறாமல் இருக்கும். அடர்த்தியைக் குறிப்பிட்டிருந்தால் கன மீட்டருக்கு 50 கிலோவுக்கு மேல் இருப்பதைப் பாருங்கள். அடர்த்தி என்பது கடினம் அல்ல, எத்தனை வருடம் உழைக்கும் என்பதற்கான அறிகுறி. இருக்கையின் முன் விளிம்பு கீழ்நோக்கி வளைந்து இறங்க வேண்டும்.

கைப்பிடியில் 1டி, 2டி, 3டி, 4டி என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். மேலும் கீழும், முன்னும் பின்னும், உள்ளும் வெளியும், சுழற்சி என்று எத்தனை வகையில் நகரும் என்பதற்கான எண்தான் அது. நான்கும் இருந்தால் நல்லது. கன்ட்ரோலரை மடிக்கு மேல் பிடிப்பவர்களுக்கு உள்பக்கம் திரும்பும் கைப்பிடி பெரிய நிம்மதி. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது, அது உங்கள் முழங்கை உயரம் வரை இறங்குகிறதா என்பதை. நான்காவதாக ஒரு அளவு எடுத்தோமே, அது இதற்குத்தான். அப்புறம் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடையிலேயே கடகடவென்றால் வீட்டில் இன்னும் ஆடும்.

மேலுறையில் என் கறுப்புத் துணுக்குக் கதைக்கு வருகிறேன். பியூ லெதர் என்பது தோல் அல்ல, துணியின் மேல் பூசிய மெல்லிய பாலியூரித்தேன் படலம். ஈரப்பதமும் வெப்பமும் வியர்வையும் சேர்ந்தால் அந்தப் படலம் வேதிமுறையில் சிதைந்து துணியை விட்டுக் கழன்றுகொள்ளும். துடைத்துச் சுத்தமாக வைத்தால் தள்ளிப்போடலாம், தடுக்க முடியாது. ஆல்கஹால் கலந்த துடைப்பான் இன்னும் சீக்கிரம் கெடுக்கும். வியர்க்கும் அறை என்றால் துணியோ, மெஷ் எனப்படும் வலைத்துணியோ வாங்குங்கள். துணியில் டீ கொட்டினால் கறை பிடிக்கும், மெஷ்ஷில் காற்று நன்றாகப் போகும். ஆனால் இருக்கையும் மெஷ் என்றால், முன்னால் இருக்கும் சட்டம் தொடையில் அழுத்துகிறதா என்று உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். பூனை வளர்ப்பவர்கள் எதை வாங்கினாலும் பூனையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறாவது படி: அடிப்பாகம்

இது சீக்கிரம் முடிந்துவிடும். சேரை ஏற்றி இறக்கும் வாயுத் தண்டுதான் கேஸ் லிஃப்ட், அது கிளாஸ் 4 என்றால் கனமான உபயோகத்துக்கானது. அலுவலகச் சேர்களுக்கான தரநிலைகளான பிஃப்மா எக்ஸ்5.1 (அமெரிக்கா) அல்லது இஎன் 1335 (ஐரோப்பா) சோதனையில் தேறியது என்று எழுதியிருந்தால் நம்பிக்கை கூடும். பிஃப்மா எக்ஸ்5.1 ஏறக்குறைய 125 கிலோ வரை உள்ளவர்களை மனதில் வைத்து வகுக்கப்பட்டது. சேரின் எடை வரம்பு உங்கள் எடையைவிடத் தாராளமாகக் கூடுதலாக இருக்கட்டும். ஐந்து கால் அடித்தளம் உலோகமா நைலானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல நைலானும் உழைக்கும்தான், ஆனால் எடை கூடியவர்களுக்கு உலோகம். கல், மரத் தரைக்கு மென்மையான பியூ சக்கரம், கம்பளத்துக்குக் கடினமான நைலான் சக்கரம். சக்கரம் பிடிக்கவில்லை என்றால் மாற்றிவிடலாம், பெரும்பாலானவற்றில் 11 மி.மீ. தண்டுதான் இருக்கும்.

ஏழாவது படி: உட்கார்ந்து பார்ப்பது

இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் எதுவும் தெரியாது. இருபது நிமிடமாவது உட்காருங்கள். விற்பவர் முறைத்தால் கையில் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தே இருங்கள். கால் படிகிறதா, முழங்காலுக்குப் பின் மூன்று விரல் போகிறதா, தோள் குவிகிறதா, சாயும்போது பாதம் எழும்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்ப எத்தனை நாள், அனுப்பும் செலவு யாருடையது என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள். அட்டைப் பெட்டியை அதுவரை கிழிக்க வேண்டாம். 25 கிலோ சேரைப் பெட்டி இல்லாமல் திருப்பி அனுப்புவது பெரும் பாடு.

எட்டாவது படி: பூட்டுவதும் பொருத்துவதும்

பந்தயச் சீட் வகைச் சேரைப் பூட்டும்போது ஒரு எச்சரிக்கை. சாய்மானத்தைப் பிடிக்கும் இரும்புக் கீல் ஒன்று இருக்கையின் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் பலமான சுருள்வில் இருக்கிறது. சாய்மானத்தை மாட்டுவதற்கு முன் சாய்க்கும் நெம்புகோலைத் தொட்டால் அந்தக் கீல் சடாரென்று முன்னால் பாயும். விரலோ முகமோ பக்கத்தில் இருந்தால் காயம் நிச்சயம். திருகுகளை முதலில் கையால் மட்டும் பாதி வரை செலுத்துங்கள். எல்லாம் துளையில் சரியாக உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக முடுக்குங்கள். ஒன்றை முதலிலேயே முழுதாக முடுக்கினால் கடைசித் துளை சேரவே சேராது. இரண்டு வாரம் கழித்து ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி முடுக்குங்கள். "சேர் கிறீச்சிடுகிறது" என்ற புகார் பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும்.

பொருத்தும் வரிசை இது: முதலில் உயரம், பிறகு ஆழம், பிறகு இடுப்புத் தாங்கல், பிறகு சாயும் இறுக்கம், கடைசியாகக் கைப்பிடி. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கட்டும். புதுச் சேரில் முதல் சில நாள் வேறு இடங்களில் லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மரத்துப்போவதும் கால் வழியாக இறங்கும் வலியும் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம், எவ்வளவு நல்ல சேராக இருந்தாலும் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறது. 2003-இல் நியூசிலாந்து மருத்துவர்கள், கணினி முன் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்த 32 வயது இளைஞருக்குக் காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தான சம்பவத்தைப் பதிவு செய்தார்கள். அரிதுதான், ஆனால் ஒரு மேட்ச் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் எழுந்து தண்ணீர் குடித்து வர ஒரு நிமிடம்தான் ஆகும்.

இப்போதைக்கு வாங்க முடியாதென்றால்

இருக்கிற சேரிலேயே ஒரு வாரம் சோதனை செய்யுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி, இரண்டு ரப்பர் பேண்ட் போட்டு, பெல்ட் கட்டும் உயரத்தில் சாய்மானத்தோடு கட்டுங்கள். அதிகமாகத் தோன்றினால் ஒரு சுற்றைப் பிரித்துவிடுங்கள். காலடியில் ஒரு பலகை வையுங்கள். நான் பழைய சிவப்புச் சேரில் 5 செ.மீ. பலகை வைத்த இரண்டாவது நாளே கால் மரத்துப்போவது நின்றுவிட்டது. சேரை மாற்றியது அதற்கு எட்டு மாதம் கழித்துத்தான். கடைக்குப் போகும்போது அந்தத் துண்டின் தடிமனையும் பலகையின் உயரத்தையும் ஐந்து அளவுகளோடு அதே காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.